பச்சையில் இரண்டு உண்டு

மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனி மேசைக்கு வந்தால் முதலில் நான் பார்ப்பது அதன் பச்சையைத்தான். பச்சையில் இரண்டு உண்டு. கரும்பச்சை வழவழப்பாக உலோகத்தோடு ஒட்டி நிற்கும். மண்ணுக்குள் காலங்காலமாகப் படிந்த காப்பு அது, அதைத் தொடமாட்டேன். வெளிர்பச்சையோ ஊசி முனை பட்டாலே மாவாக உதிரும். அதைத்தான் வெண்கல நோய் என்கிறோம்.

நோய்க்குக் காரணம் உப்பு. மண்ணிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடாக உள்ளே பதுங்கிவிடும். வெளியே எடுத்து, காற்றும் ஈரமும் பட்டதும் அது பச்சைத் தூளாக மாறும். கூடவே அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் மிச்சமுள்ள செம்பை அரித்து மறுபடி குப்ரஸ் குளோரைடாக்கும். ஈரம் உள்ளவரை இது ஓயாது. சென்னை போன்ற கடலோர ஊரில் இதுவே எங்கள் பெரிய கவலை.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையில் களிம்பை நீக்கினார். அழியவிருந்த படிமங்கள் அதனால் பிழைத்தன. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்த முறையில் நல்ல பச்சையும் சேர்ந்து போய்விடும். இன்று உருப்பெருக்கியின் கீழ் ஸ்கால்பெல்லால் தூளை மட்டும் சுரண்டுகிறோம். தேவைப்பட்டால் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், சிலவற்றை மாதக்கணக்கில் ஊறவைப்போம். அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவோம். வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. தெளிந்த பிறகுதான் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல், அதன்மேல் மெல்லிய பூச்சு.

பூச்சை நான் முழுதாக நம்புவதில்லை. காட்சிப்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துவதே உண்மையான வைத்தியம். ஜெல்லை வேளாவேளைக்கு மாற்ற ஆள் இல்லையென்றால் மற்ற வேலையெல்லாம் வீண்.

மண்ணோடு வரும் படிமத்தில் சில சமயம், சுற்றியிருந்த துணியின் நெசவுகூடப் பச்சையிலேயே பதிந்திருக்கும். பீடத்து எழுத்தும் அதனடியில் இருக்கலாம். புளி போட்டுத் தேய்த்தால் எல்லாம் போய்விடும். ஆகவே கடைக்கால் தோண்டும்போதோ உழும்போதோ சிலை கிடைத்தால் கழுவாதீர்கள், புளி தேய்க்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். மண்ணோடு அப்படியே ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே சொல்லுங்கள்.