மூச்சு விடவும் ஒரு படிப்பா?

"மூச்சு விடுவதற்குக் கூடவா காலேஜ் வைத்திருக்கிறார்கள்?" என்று நம் தாயார் கேட்டபோது நாமும் சேர்ந்து சிரித்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பேசுவதற்கு ஒருவர் பழக்க வேண்டும். நடப்பதற்கு நடைவண்டி வேண்டும். ஆனால் மூச்சு விடும் வித்தையை மட்டும் குழந்தை பிறந்த கணத்திலேயே, வாத்தியார் ஒருவரும் இன்றி, வீடு அதிர அழுது கற்றுக்கொண்டு விடுகிறது. அதற்கு நான்கு வருஷப் படிப்பும் பரீட்சையும் பட்டமும் எதற்கு என்று கிழவி கேட்டதில் என்ன பிசகு?

விஷயம் இதுதான். ஆவடியில் வசிக்கும் நம் தமக்கையின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியும் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு நாள் மாலை, சுவாச சிகிச்சையில் பி.எஸ்ஸி. படிக்கப் போவதாக அவள் அறிவித்தாள். உடனே வீட்டில் ஒரு மகாநாடு கூடிற்று. 1955-ல் காங்கிரஸ் மகாசபை இதே ஆவடியில் கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் செய்ததே, அங்கே கூட இவ்வளவு வாதப் பிரதிவாதம் நடந்திருக்குமா என்பது சந்தேகந்தான். டாங்கித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற அத்தான், "இது டாக்டர் வேலையா, நர்ஸ் வேலையா?" என்று கேட்டார். "இரண்டும் இல்லை, அப்பா" என்றாள் பெண். "அப்படியானால் கல்யாணப் பத்திரிகையில் என்னவென்று போடுவது?" என்று தமக்கை கவலைப்பட்டாள். முடிவில் பெண்ணின் பிடிவாதமே ஜயித்தது.

சென்னைக்கு மேற்கே உள்ள இந்த ஊர்கள் நாம் பார்த்திருக்கும்போதே எவ்வளவோ மாறிவிட்டன. ஏரிக் கரையும் நெல் வயலுமாய் இருந்த அம்பத்தூர், 1960-களில் தொழிற்பேட்டை வந்தபின் இரும்பும் லேத்தும் கற்றது. ஆவடி டாங்கி செய்யக் கற்றது. போரூரில் 1985-ல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. பின்னர் வேலப்பன்சாவடியிலும் தண்டலத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. காலையில் ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி செல்லும் பஸ்ஸில் ஏறினால், பட்டறைக்குப் போகும் காக்கிச் சட்டைகளுக்கு நடுவே கையில் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்திருக்கும் பிள்ளைகளையும் பெண்களையும் காணலாம். நம் பெண்ணும் அவர்களில் ஒருத்தியானாள்.

மூன்று வருஷம் வகுப்பு. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் நேர்ப் பயிற்சி. சனி ஞாயிறுகளில் நாம் ஆவடிக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய புஸ்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். முதலில் கண்ணில் பட்டது ஒரு கணக்கு. நாம் பள்ளிக்கூடத்தில் தொட்டியும் குழாயும் வைத்துப் போட்டோமே, அதே ஜாதி. பெரிய பிராணவாயு சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கிறது. நோயாளிக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் போகிறது. எத்தனை மணி நேரத்தில் தீரும்? ஏறக்குறையப் பதினொன்றரை மணி நேரம். "தொட்டிக் கணக்கில் தப்பினால் மார்க்குத்தான் போகும், மாமா. இதில் தப்பினால் விடிவதற்குள் ஆள் போய்விடுவார்" என்றாள். அந்தக் கணக்கை நாம் அதற்குப் பிறகு வேடிக்கையாக நினைக்கவில்லை.

இன்னொரு நாள் அளவு நாடாவைக் கொண்டுவந்து நம் உயரத்தை அளந்தாள். ஐந்தடி ஐந்து அங்குலம். "உங்கள் நுரையீரல் கெட்டு, வென்டிலேட்டரில் வைக்க நேர்ந்தால், ஒரு மூச்சுக்கு 370 மில்லி லிட்டர் போதும்" என்றாள். தொண்ணூறு கிலோ எடையுள்ள நமக்கு இது பெருத்த அவமானமாகப் பட்டது. "இவ்வளவு பெரிய சரீரத்துக்கு இரண்டு காப்பி டம்ளர் காற்றா?" என்று கேட்டோம். "தொந்தி வளர்ந்தால் நுரையீரலும் வளருமா, மாமா? அதனால்தான் எடையைப் பார்க்காமல் உயரத்தைப் பார்க்கிறோம்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் இதில் பெரிய உண்மை இருக்கிறது. நிறையக் காற்றை ஊதினால் நல்லது என்றே நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 2000-த்தில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, கடுமையாக நுரையீரல் கெட்டவர்களுக்கு ஊதும் அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தது. நூற்றுக்கு நாற்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் முப்பத்தொரு பேரே இறந்தார்கள். புது மருந்து ஒன்றும் இல்லை. ஒரு திருகாணியை எவ்வளவு திருப்புவது என்று தெரிந்த கை, அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது நமக்குச் சுலபமானதல்ல.

பயிற்சி வருஷத்தில் ஒரு நாள் இராத்திரி, சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்று என்ன கற்றாள் என்று கேட்டோம். "வென்டிலேட்டர் மணி அடித்தால் இயந்திரத்தைப் பார்க்கக் கூடாது, முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். குழாய் நகர்ந்துவிட்டதா, சளி அடைத்துவிட்டதா, நுரையீரலில் ஓட்டை விழுந்து மார்புக்குள் காற்று கசிகிறதா, அல்லது கருவியே கெட்டுப்போயிற்றா? ஒன்றும் புரியாவிட்டால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் கையாலே பையை அமுக்கிச் சுவாசம் கொடுக்க வேண்டும்" என்றாள்.

நாம் தாயாரைப் பார்த்தோம். தாயார் நம்மைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு நம் தகப்பனார் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு நாட்கள் அந்த இயந்திரத்தோடு கிடந்தார். நான்காம் நாள் இராத்திரி மணி அடித்தது. ஒரு பையன் வந்தான், ஒரு பொத்தானை அமுக்கினான், சத்தம் நின்றது, போய்விட்டான். மறுபடி அடித்தது, மறுபடி வந்து நிறுத்தினான். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவை சத்தம் நின்றபோதும் நமக்கு நிம்மதியாகவே இருந்தது! மணி நின்றதையே சிகிச்சை என்று எண்ணினோம். விடிவதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பையனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவனுக்கு யாராவது கற்றுக் கொடுத்திருந்தால் அல்லவா தெரியும்?

வெகு நேரம் கழித்துத் தாயார் கேட்டாள்: "அன்றைக்கு நீ இருந்திருந்தால் தாத்தா பிழைத்திருப்பாரா?"

பெண் பொய் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியாது, பாட்டி. ஆனால் அது ஏன் கத்துகிறது என்று பார்த்திருப்பேன்."

மாணாக்கர்களின் கைகள் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் நாள்தோறும் வந்து குவிந்தார்கள். இயந்திரங்களோ மிகச் சில. இப்ஸென் என்ற டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கியே ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பிழைக்க வைத்தார். பிறகு சுமார் 1,500 மாணாக்கர்கள், ஒருவர் மாற்றி ஒருவராக, இரவும் பகலும் படுக்கை அருகில் அமர்ந்து மாதக் கணக்கில் பைகளை அமுக்கினார்கள். அதற்கு முன் பெரும்பாலோர் மாண்ட அந்த நோயில் அதன் பின் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

நம் நாட்டில் 2020-ல் கொரோனா வந்தபோது 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தது. நம் நாட்டிலேயே செய்த கருவிகள் என்பதில் நமக்கு மெத்தப் பெருமை. ஆனால் பல இடங்களில், இயக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை பெட்டிக்குள்ளேயே இருந்தன என்றும் செய்திகள் வந்தன. பணம் இருந்தால் இயந்திரத்தைச் சில மாதத்தில் வாங்கிவிடலாம். அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளை உருவாக்க நான்கு வருஷம் ஆகிறது. அவசரப்பட்டால் மூன்றாவது வருஷத்தில் விளைந்துவிடப் போவதில்லை. இத்தகைய தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. சுவாசத் தொழில் வல்லுநருக்கும் அதன் அட்டவணையில் இடம் கிடைத்திருக்கிறது. சர்க்கார் அட்டவணையில் கிடைத்த இடம் நம் வீட்டுக் கூடத்திலும் கிடைக்க வேண்டாமா? "டாக்டருக்குக் கிடைக்கவில்லையாம், அதனால் என்னவோ படிக்கிறாள்" என்று நாம் சொல்லும் அந்தப் பெண்தான், ஒரு நாள் நடுநிசியில் நம் படுக்கையண்டை மணி அடிக்கும்போது ஓடிவரப் போகிறவள்.

நம் தாயாருக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. "பழகினால் விடாது" என்று பயந்து இன்ஹேலரை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். எடுத்தாலும் வாய்க்குள் வாசனைத் தைலம் அடிப்பது போல் அடித்துக்கொள்வாள். மருந்தெல்லாம் நாக்குக்கே போயிற்று. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்: நன்றாகக் குலுக்கு; உள்ளே இருக்கும் மூச்சை முழுதும் விடு; மெள்ள இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கு; பத்து எண்ணும் வரை அடக்கு; முடிந்ததும் வாயைக் கொப்பளி. ஒரு வாரத்தில் கிழவி மாடிப்படி ஏறிவிட்டாள்.

போன வாரம் அடுத்த வீட்டு அம்மாளுக்கு அவளே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "இத்தனை வயசு வரை மூச்சு விடத் தெரியாமலா இருந்தீர்கள்?" என்று அந்த அம்மாள் கேலி செய்தாள்.

"விட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போதுதான் படித்துவிட்டு விடுகிறேன்!" என்றாள் நம் தாயார்.