அப்பத்தாவுக்கு ஒரு தண்ணிப் பானை

வீரபாண்டி,
வைகாசி முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். கிண்ணங்கள் நன்றாக வந்திருக்கின்றன. சுவர் கீழிருந்து மேல்வரை ஒரே கனத்தில் ஏறியிருக்கிறது, விளிம்பு நடுங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் உனக்குக் கை படிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் மனசை விட்டுப் போகவில்லை. "எல்லாமே யாரோ செஞ்ச மாதிரி இருக்குக்கா, இதுல என்னோடது எதுன்னே தெரியல." போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாரோ செய்த மாதிரி இருப்பதற்கு நீ வருத்தப்படத் தேவையில்லை. நீ பழகுகிற அந்தச் சாம்பல் நிறக் கிண்ணத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பிசென் என்ற ஊரில் மண் வேலை பழகியவர். இன்று ஸ்டுடியோ வைத்திருக்கிற எத்தனையோ பேர் அங்கே போய்ப் பழகியவர்கள். அவர்களிடம் பழகியவர்கள் ஊர் ஊராக வகுப்பு எடுக்கிறார்கள். அப்படி வரிசையாக இறங்கி உன் விரலுக்கும் அந்தக் கிண்ணம் வந்திருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் கை நம் கையில் தெரிவது இயல்புதான். அதை அழிக்கப் பார்க்காதே. நீ மாற்ற வேண்டியது வேறு ஒன்று. 'புதுசா என்ன வடிவம் செய்யலாம்' என்று யோசித்துக்கொண்டு சக்கரத்தில் உட்காருகிறாய் என்று நினைக்கிறேன். யாருக்கு, என்ன வேலைக்கு என்று யோசித்துவிட்டு உட்கார்ந்து பார்.

கௌமாரியம்மன் திருவிழா முடிந்து இப்போதுதான் கோயில் பக்கம் நடக்க இடம் கிடைக்கிறது. சின்னப் பிள்ளையில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ பயந்து பயந்து பார்த்த அக்கினிச்சட்டியை, இப்போது மண் வேலை தெரிந்தவளாக நினைத்துப் பார். ஒரு மனுஷி நெருப்பை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வர வேண்டும். கங்கு சுட்டுச் சட்டி வெடித்துவிடக் கூடாது. அதற்காக மண்ணில் மணலைக் கூட்டி மிதித்திருப்பார்கள். வேப்பிலையை அணைகொடுத்துப் பிடித்திருக்கும் கைக்குச் சூடு சட்டென்று இறங்கக் கூடாது. அதற்காக அடி கனம். தீ அணையாமல் இருக்கக் காற்று வேண்டும். அதற்காக வாய் அகலம். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து ஏந்த வேண்டும். அதற்காக அடி உருண்டை. யாரும் இதைக் காகிதத்தில் வரைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் எது உடைந்தது, எது தாங்கியது என்று பார்த்துப் பார்த்துக் குயவர்கள் கொண்டுவந்த வடிவம். இதைவிடப் பெரிய டிசைன் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே திருவிழாவில் எடுக்கிற ஆயிரங்கண் பானையையும் நினைத்துக்கொள். உடம்பெல்லாம் துளை. பசுமண்ணில் குத்தினால் பானை தொய்ந்துவிடும். காய்ந்த பிறகு குத்தினால் துளையைச் சுற்றிச் சில்லு பெயரும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. சித்திரை வெயிலில் அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஈரத்துணி போர்த்தி அந்தப் பதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் குத்துவார்கள்.

நான் வேலை பழகிய வேளார் வீட்டை உனக்குத் தெரியும். சக்கரத்தில் பெண்கள் உட்காருவதில்லை என்பது பல குயவர் வீடுகளில் இருந்த வழக்கம். மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, காவி பூசுவது, சந்தைக்குச் சுமப்பது எல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் ஆம்பளை. அந்த வேளார் வீட்டு ஐயா அந்த வழக்கத்தைத் தாண்டித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எடுத்த உடனே சக்கரத்தைத் தரவில்லை. தட்டுப்பலகையைத்தான் கையில் கொடுத்தார்.

உங்கள் ஸ்டுடியோவில் அடியோடு சேர்த்துத்தான் வனைவீர்கள். இங்கே சக்கரத்தில் இருந்து இறங்கும் பானைக்கு அடி கிடையாது. வாய், கழுத்து, தோள் மூன்றும் சக்கரத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே மண் தடித்த வளையமாக நிற்கும். நூலால் அறுத்து இறக்கி நிழலில் போட்டு, கொஞ்சம் இறுகியதும் மடியில் சாய்த்துக்கொள்வார் ஐயா. இடக்கையில் ஒரு உருண்டைக் கல். அதைப் பானைக்குள் விட்டு அணைகொடுத்து, வெளியே இருந்து பலகையால் தட்ட வேண்டும். பலகையில் மண் ஒட்டாமல் இருக்க அவ்வப்போது சாம்பல் தொட்டுக்கொள்வார். தட்டத் தட்ட அந்தத் தடித்த மண் மெலிந்து, உள்நோக்கி நகர்ந்து, கடைசியில் மூடிக்கொள்ளும். கல்லும் பலகையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். உள்ளே போன கை கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனமான இடம் ஒரு சத்தம், மெலிந்த இடம் ஒரு சத்தம். "காதுல பாரு" என்பார் ஐயா.

சோற்றுப் பானையின் அந்த உருண்டை அடி இப்படித்தான் பிறக்கிறது. மூலை இல்லாததால் அடுப்புச் சூடு சீராகப் பரவுகிறது, விரிசல் தொடங்க இடம் கிடைப்பதில்லை. மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள் இதே தட்டலை இசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். சுருதி வருவதற்குக் கனம் எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அவர்கள் பலகையில் இருக்கிறது. அங்கே கடம் செய்கிற மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. வாத்தியம் செய்தவருக்கு அந்த மேடை கிடைத்ததை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்ததும் அதே வருஷம்தான்.

சரி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். அப்பத்தாவுக்குத் தண்ணிப் பானை.

அப்பத்தாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. சொம்பைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஆகாது. குழாய் வைத்த பானை ஒன்று வாங்கி வைத்தோம். குழாயைத் திருக விரல் வளையவில்லை. போதாததற்கு, "குழாய்க்குக் கீழ தங்குற தண்ணிய எப்பிடித்தா கழுவுவ?" என்று கேட்டு அதை மூலையில் வைத்துவிட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தானே.

நான் இதுவரை யோசித்ததைச் சொல்கிறேன், மிச்சத்தை நீ யோசி. உருண்டை அடி உள்ள பானையைப் பிரிமணை மேல் வைத்தால் தூக்காமலேயே சாய்க்கலாம். பாரத்தைப் பிரிமணை வாங்கிக்கொள்ளும். அப்படியானால் தோளில் கெண்டிக்கு இருப்பது போல ஒரு மூக்கு வைக்கலாம். மூக்கின் நுனி பானையின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். தாழ்ந்தால் பானை நிறைவதற்கு முன்பே வழிய ஆரம்பித்துவிடும். நுனியை எவ்வளவு குறுக்கலாம்? ஒரு வேப்பங்குச்சி உள்ளே போய்த் துடைத்துவிட்டு வரும் அளவுக்குக் கீழே குறைய விடாதே. பின்பக்கம் கைப்பிடி வைத்தால் அப்பத்தா விரலை மடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் போதும் என்கிற மாதிரி ஒரு திண்டு வைக்கலாமா? அந்தத் திண்டு எங்கே இருந்தால் குறைந்த பலத்தில் பானை சாயும்?

அடுத்தது வாய். குறுகலாக இருந்தால் தூசி விழாது, குளிர்ச்சியும் நிற்கும். ஆனால் கை உள்ளே போய்த் தேய்க்காவிட்டால் பாசி பிடிக்கும். குடிப்பது அப்பத்தா என்றாலும் கழுவப் போவது சித்தி. ஆக, சித்தி கை போகிற அளவுக்கு வாய் வேண்டும். அளவைக் கணக்குப் பண்ணும்போது சுருக்கத்தை மறந்துவிடாதே. நம் கண்மாய் மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வளையல் போட்ட கையோடு அளந்து, அதற்கு மேல் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்.

உனக்குப் பிடித்த கிளேஸை இதில் பூச முடியாது. பானைச் சுவர் வழியாகக் கசியும் ஈரம் வெளிக்காற்றில் உலரும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கிளேஸோ பெயின்டோ பூசினால் அந்த வழி அடைத்துப்போகும். நீ செய்கிற ஸ்டோன்வேர் 1,200 டிகிரிக்கு மேலே வெந்து இறுகுவது. அதற்குள் ஈரமே இறங்காது. நம் ஊர்ச் சூளை 700, 800 டிகிரியைத் தொட்டால் பெரிசு. வைக்கோலும் வறட்டியும் விறகும் தருகிற அந்த இளம் வேக்காடுதான் தண்ணிப் பானைக்கு ஏற்ற வேக்காடு. மணலைக் கூட்டினால் கசிவு கூடும், குளிர்ச்சியும் கூடும். ரொம்பக் கூட்டினால் கீழே ஈரம் சொட்டிக்கொண்டே இருக்கும், அப்பத்தா வழுக்கி விழுந்துவிடக் கூடாது. எந்தப் பங்கு சரி என்பதை ஐயா மண்ணை உருட்டிப் பார்த்தே சொல்வார். நாம் இரண்டு மூன்று கலவையில் சின்னக் கலயம் செய்து, தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதில் உன்னோடது எங்கே இருக்கிறது என்று கேட்பாய். மூக்கு எந்த வளைவில் தோளோடு சேர வேண்டும், திண்டு எங்கே தொடங்கி எங்கே கரைய வேண்டும், கழுத்து எவ்வளவு நிமிர வேண்டும் என்று வனையும்போது நீயே முடிவு பண்ணிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அப்பத்தாவின் கையைத் தெரிந்த ஒருத்தி எடுக்கிற முடிவுகள் அவை. ஒன்று செய்து நிறுத்தாதே. அதே பானையைத் திரும்பத் திரும்பச் செய். பிடிக்காததைப் பச்சையிலேயே மடக்கித் தொட்டியில் போடு, சுடாத மண்ணுக்கு நஷ்டம் இல்லை. பிறகு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், உன் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உனக்கே தெரியும்.

ஜூனில் பெரியாறு அணையைத் திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும் தண்ணீர் போகும், கண்மாய்களிலும் ஏறிவிடும். அதற்குள் மண் எடுத்தாக வேண்டும். குயவர்கள் கண்மாய் மண் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு சொன்னது பெரிய ஆறுதல். ஐயா பெயரில் மனு எழுதி வைத்திருக்கிறேன். அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றை நீ மறந்திருக்க மாட்டாய். காற்றாலைக்கு அது வரம். பசும்பானைக்கு அது ஆகாது. காற்று படுகிற பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, மறுபக்கம் ஈரமாகவே நிற்க, நடுவில் கீறல் ஓடிவிடும். காற்று ஏறுவதற்கு முன்னால் வனைந்து முடித்துவிட்டால் நிம்மதி.

பெயரை எங்கே பொறிப்பது என்று கேட்டிருந்தாய். நம் முல்லையாறு போய்ச் சேர்கிற அதே வைகைக் கரையில், கீழடியில் எடுத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. எழுத்து ஒவ்வொன்றும் வேறு வேறு கையாகத் தெரிவதால், பானையை வைத்திருந்தவர்களே கீறிக்கொண்டது என்கிறார்கள். 2,000 வருஷம் தாண்டி, வைத்திருந்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. வனைந்தவர் பெயர் தெரியவில்லை. பெயரில்லாமல் இருப்பதுதான் கைவினையின் பெருமை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே கிடையாது. ஐயாவின் பானைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அடம் பிடிக்கிறவர்களே, அடியில் முத்திரை உள்ள கிண்ணத்துக்குச் சொன்ன விலையைக் கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாததால் விலை இல்லை, விலை இல்லாததால் அவர் பிள்ளைகள் யாரும் சக்கரத்தைத் தொடவில்லை.

அதனால் தயங்காமல் பெயரைப் போடு. ஐயாவுக்கும் ஒரு முத்திரை செய்து கொடு. மண்ணில் செய்து சுட்டால் போதும், பசும்பானையில் அழுத்த நன்றாக வரும். உருண்டை அடியில் போட்டால் தரையிலும் அடுப்பிலும் தேய்ந்துவிடும். கழுத்துக்குக் கீழே, தோளில் போடு. ஐயா முதலில் வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து, "எம்பேரு எத்தன எழுத்துத்தா வரும்?" என்று அவராகவே கேட்டார்.

சென்ட்ரலில் இருந்து போடி ரயில் வாரத்தில் மூன்று நாள் இருக்கிறது. தேனியில் இறங்கிவிடு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். கருவி எதையும் தூக்கி வராதே, இங்கே எல்லாம் இருக்கிறது. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு வா. பழைய நூல் வேட்டி இருந்தால் இரண்டு மூன்று கொண்டு வா, பானைக்கு ஈரம் போர்த்த வேண்டும். கிளம்புகிற நாளை முன்கூட்டியே சொன்னால் சித்தியையும் வரச் சொல்லிவிடுகிறேன், வாய் அளவு எடுக்க வேண்டும் அல்லவா.

அன்புடன்,
அக்கா