பாட்டியின் குரலும் சேமிப்புக் குளமும்

கூலாய், செடேனாக் வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலங்களில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. கூலாயில் எங்கள் வீட்டிலும் ஒரு குட்டித் தரவு மையம் உண்டு. ஒரு பழைய கணினி. அதில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இம்முறை, பல வன்தட்டுகளை ஒரே சேமிப்புக் குளமாக்குகிறது; எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் குறித்து வைக்கிறது.

முதலில் ஒரே வன்தட்டில்தான் குளம் அமைத்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதைகளைப் பாட்டி சொன்ன ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. 'ஸ்கிரப்' கட்டளை குளம் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். மாதம் ஒருமுறை இடவேண்டும். நான் ஓராண்டு இடவில்லை. இட்ட அன்று, நான்கு கோப்புகள் பழுது என்றது. பழுதைச் சொல்ல அதற்குத் தெரிந்தது. திருத்த மறுபிரதி இல்லை. மீண்டும் பதியப் பாட்டியும் இல்லை.

பிறகு 'இசட்பூல் அட்டாச்' கட்டளையால் இரண்டாவது வன்தட்டை இணைத்தேன். இனி ஒன்றில் பழுதென்றால், மற்றதன் நல்ல பிரதியைக் கொண்டு குளமே சீர்செய்துகொள்ளும். ஆனால் கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். எனவே இன்னொரு பிரதி தங்கை வீட்டில் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, வீட்டுப் பெரியவர்களின் குரலை இன்றே பதியுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். அவ்வப்போது கேட்டும் பாருங்கள்.