ஸ்மார்ட் போர்டுக்கு ஆளுக்கு ஐயாயிரம்

போன மாதம் எங்கட உயர்தர பெட்ச்சின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் ஒன்று எடுத்துக் கொடுக்கப் போகிறார்களாம். பெட்ச்சுக்கு 31 பேர், ஆளுக்கு ஐயாயிரம். மிச்சத்தை வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் பார்த்துக் கொள்வார்கள். கையெடுத்துக் கும்பிடுகிற இமோஜிகள் வரிசையாக விழுந்தன. நாங்கள், அந்த 31 பேரில் இப்போது கம்பஸில் இருக்கிற ஏழு பேர், ஒன்றும் போடவில்லை. காசு இல்லாதது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கட பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வயல், குளம், இரவில் யானை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டியபோது நாங்கள் பதினொராம் ஆண்டு. ஓஎல் எடுக்கிற வருசம். ஒன்லைனில் படிப்பிக்கிறோம் என்று அறிவித்தார்கள். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் இருந்தது, நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர பாடங்கள் போனது. குறை சொல்ல ஏலாது, சில பாடங்கள் நல்லாகவே இருந்தன. ஆனால் அந்த நாட்களில் இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. எங்கட ஊரில் போன்தான் எல்லாம். அதுவும் வீட்டுக்கு ஒன்று, விடிய அப்பாவோட வயலுக்குப் போயிரும்.

பின்னேரம் போன் வந்த பிறகு குளக்கட்டுக்கு ஏறுவோம். அங்கேதான் சிக்னல் நிற்கும். பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் நடந்து பாறையில் ஏறிப் படிக்கிற படம் 2021இல் உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்தபோது எங்களுக்கு அதிர்ச்சியெல்லாம் வரவில்லை. இவர்களுக்கும் நம்மட கதைதான் என்று நினைத்தோம்.

எங்களோட ஒருத்தி படித்தாள். தமிழிலும் வரலாற்றிலும் அவள்தான் முதல் பிள்ளை. அவள் பாவித்தது மாமாவின் போன். சேர்மார் அனுப்புகிற பிடிஎஃப் எல்லாம் சேர்ந்து போன் நிறைந்து, மாமா ஒரு நாள் குழுவிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். திரையில் அவள் 'லெஃப்ட்' என்று ஒரு சின்ன வரி. யாரோ அதுக்கு ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் போட்டார்கள். நாங்களும் சிரித்தோம். அவளிட்டப் போய் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் பரீட்சை எழுதினாள், கணிதம் சரிவரவில்லை. திரும்ப எழுதவும் இல்லை. இப்போது கார்மென்ட் பெக்டரி ஒன்றில் வேலை.

நாங்கள் மிஞ்சினோம். 2021 யூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினார்கள். ஒக்டோபர் வரை போனது. அப்போது எங்களுக்குச் சரியான கோபம். இப்போது யோசித்தால் வேற மாதிரித் தெரிகிறது. 24 வருசமாகத் தீராத ஒரு பிரச்சினையோடு இருந்தவர்கள், சொந்தப் போனில், சொந்தக் காசில் டேட்டா போட்டு எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அந்த ரீலோட் காசை யார் கொடுத்தது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் இல்லாமல் யூனில் திரும்பவும் ஒன்லைன். 2023 தொடக்கத்தில் நாங்கள் உயர்தரம் எழுதியபோது, பரீட்சை நாட்களிலாவது கரண்ட் வெட்டாதீர்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கம்பஸ் வந்த பிறகுதான் இன்னொரு விசயம் விளங்கியது. கொரோனா நேரம் அரச பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் வலையமைப்பு இருந்தது. அதுக்கூடாக ஸூம் வகுப்புக்கு டேட்டா வெட்டாமல் எங்கட சீனியர்மார் படித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சிக்னல் இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் செலவை மாணவருக்காக வேற ஆக்கள் பொறுப்பெடுத்தார்கள். பாடசாலைப் பிள்ளையின் ஸூம் வகுப்புக்கு அப்படிப் பொறுப்பெடுக்க ஆளில்லை. அதை அப்பாவும் சேரும்தான் கட்டினார்கள்.

காசு எப்படி வருகிறது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. நாட்டில் 10,000க்கு மேல் அரச பாடசாலைகள். அதில் சில நூறு தேசியப் பாடசாலைகளை மத்திய அமைச்சு நேரடியாகப் பார்க்கிறது. எங்கட மாதிரி மிச்சமெல்லாம் மாகாண சபைக்குக் கீழ். மாகாணத்திடம் பெரிய காசு இல்லை. ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் கைகொடுக்க வேண்டும். பழைய மாணவர்கள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் இருக்கிற பாடசாலைக்கு ஒரு வகையான உதவி வரும், எங்கட பாடசாலைக்கு இன்னொரு வகை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கு என்று பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012இல் வேலைநிறுத்தம் செய்தது. இன்று வரைக்கும் அந்த 6 வீதத்தை நாங்கள் காணவில்லை.

வருகிற காசும் பொருளாகத்தான் வருகிறது. எங்கட கணினி ஆய்வுகூடத்தில் 20 கணினி. நாங்கள் ஒன்பதாம் ஆண்டில் இருந்தபோதே வேலை செய்தது ஆறு. திருத்த ஆளில்லை, திருத்தக் காசுமில்லை. திறப்பு அதிபரின் மேசையில் இருக்கும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. பிறகு அந்த அறையின் ஃபேனைக்கூடப் போடாதீர்கள் என்றார்கள். கணினி தந்தவரின் பெயர் சுவரில் இருக்கிறது. கரண்ட் பில் கட்டுகிறவருக்குப் பெயர்ப்பலகை அடிக்க மாட்டார்கள், அதனால் அதுக்கு ஆளும் வராது.

இதையெல்லாம் குழுவில் எழுதினோம். "கம்பஸ் போனதும் பெரிய கதை கதைக்கிறீங்க" என்று பதில் வந்தது. கொஞ்சம் வலித்தது. சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் கதைத்தது பாடசாலையைப் பற்றி, பாடசாலையில் இப்போது படிக்கிற ஒருத்தரிட்டயும் கேட்காமல்.

அப்போதுதான் அவளின் தம்பி ஞாபகம் வந்தது. அதே பாடசாலையில் பத்தாம் ஆண்டு. அவள் லீவில் வந்திருந்த நேரம் நாலு பேர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி தந்தாள். ஸ்மார்ட் போர்ட் கதையைச் சொன்னோம்.

"வாங்கிக் குடுங்க, நல்லந்தானே. ஆனா தம்பிக்குக் கணித சேர் மாறிப் போய் ஆறு மாசம். அந்தப் போர்டுல ஆரு படிப்பிக்கிற?"

எங்களிடம் பதில் இல்லை. எங்கட பாடசாலை 1சி வகை. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு இல்லை. அதனால் எங்கட பெட்ச்சில் கணிதம் படித்தவர் ஒருத்தரும் இல்லை. போய்ப் படிப்பிக்கிறோம் என்று சொல்லவும் ஏலாது.

ஆனால் அவள் கேட்ட கேள்வியை வைத்துத்தான் பிறகு யோசித்தோம். டவுனில் இருக்கிற ஒரு கணித சேர், கிழமைக்கு மூன்று பாடவேளை, ஒரே நேரத்தில் ஆளில்லாத ஐந்தாறு பாடசாலைக்கு எடுக்கலாம். அதுக்கு அந்தப் போர்ட் உதவும். ஆனால் அந்த நேரத்தை அவரின் நேரசூசியில் வலயக் கல்விப் பணிமனை போட வேண்டும். மாதாமாதம் இணையக் கட்டணம் யாராவது கட்ட வேண்டும். வகுப்பில் பிள்ளைகளோட ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும், இல்லாட்டி அது இன்னொரு குருகெதரதான்.

ஏழு பேரும் 35,000 சேர்த்தோம். போர்டுக்கு இல்லை, முதல் வருச இணையச் செலவுக்கு என்று எழுதிக் கொடுத்தோம். குழுவில் இரண்டு பேர் ஓம் என்றார்கள், மற்றவர்கள் பேசவில்லை. வலயத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் திறப்பு விழா. அவளையும் கூப்பிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். அவள் இப்போதும் அந்தக் குழுவில் இல்லை. அதனால் கோல் எடுத்துத்தான் சொன்னோம்.