நுனிநாவில் உப்பு

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் வழியில் உத்தனப்பள்ளி இருக்கிறது. பேருந்தில் ஏறினால் ஓர் இருக்கையில் தமிழும், அடுத்ததில் தெலுங்கும், அதற்கும் அடுத்ததில் கன்னடமும் காதில் விழும். மூன்று மொழியிலும் பேசப்படுவது பெரும்பாலும் தக்காளி விலைதான். கேழ்வரகு முற்றும் பருவத்தில் சானமாவுக் காட்டு யானைகள் இரவில் கொல்லைகளுக்குள் இறங்கிவிடும். விடிந்தால் அதே சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் சீருடைப் பெண்களை ஏற்றிக்கொண்டு விரையும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து பிறந்த நம் தருமபுரி மறைமாவட்டத்தின் இந்த மூலையில், பிழைப்புத் தேடி வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் சில நம் பொறுப்பில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் மகனைப் பற்றி எழுத அவனிடம் அனுமதி பெற்றிருக்கிறோம். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னான்.

2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில் அவன் தாயார் அவனை நம்மிடம் இழுத்துவராத குறையாக அழைத்துவந்தார். "சாமி, கறி வெட்டுற படிப்புக்குப் போறேங்கறான். நீங்க சொன்னாக் கேப்பான்" என்றார். நாமும் சொன்னோம். பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் ஓசூரிலேயே வேலை கிடைக்கும், தந்தையைப் போல் ஒப்பந்தத் தொழிலாளியாக அல்லாமல் நிரந்தரமாகவே கிடைக்கும் என்றெல்லாம் எடுத்துரைத்தோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலிடெக்னிக் படிச்சவங்களும் சாப்பிடணுமே, ஃபாதர்" என்றான்.

நமக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் வெட்கமும் வந்தது. குருமடத்தில் எட்டு ஆண்டுகள் நமக்குச் சோறு ஆக்கிப் போட்டவரை 'குசினிக்காரர்' என்றே அழைத்தோம். அக்வினாரின் வாதங்களை வரிசை மாறாமல் ஒப்பித்த நாம், அந்த மனிதரின் பெயரைக் கேட்டதில்லை. அப்பத்தையும் இரசத்தையும் நாள்தோறும் கையிலெடுக்கும் நாம், அடுப்படியைக் கல்விக்கு உரிய இடமாக எண்ணவில்லை. நம் நாட்டிலோ உணவு விடுதிக் கல்விக்கென்று 1982இலேயே தேசியக் குழுமம் ஒன்று அமைந்துவிட்டது. அது நடக்கும்போது நாம் பள்ளிச் சிறுவர், அறியாதது பிழையன்று. அறிய விரும்பாமல் இருந்ததுதான் பிழை.

அவன் பெங்களூருவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். விடுமுறையில் வரும்போதெல்லாம் அவன் சொன்னவற்றை நாம் ஒரு மாணவனைப் போல் கேட்டுக்கொண்டோம். எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் சிறுதீயில் வைத்து வடிக்கும் சாறு. பிரெஞ்சுச் சமையலில் ஐந்து 'தாய்'க் குழம்புகளாம், மற்றவை அவற்றின் பிள்ளைகளாம். சமைப்பவன் சுவை பார்க்காமல் தட்டை அனுப்பவே கூடாது. ஆனால் வாயில் வைத்த கரண்டி மீண்டும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. ஆகவே வெள்ளைக் கோட்டின் பையில் சிறு கரண்டிகள் பல எப்போதும் இருக்கும். "பூசைப் பாத்திரம் மாதிரி துடைச்சு வச்சுக்கணும் ஃபாதர்" என்றான்.

அவனுடைய அடுப்பில் கூட்டாளி தும்கூரு பக்கத்து லிங்காயத்து இளைஞன். மார்பில் இஷ்டலிங்கம் அணிந்தவன். இறைச்சியை நாவில் வைப்பதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். அரசு நிறுவனங்களுள் அகமதாபாத், போபால், ஜெய்ப்பூர் போன்றவற்றில் 2016 முதலே சைவச் சமையலை மட்டும் பயில வழி செய்தார்கள். இவர்கள் கல்லூரியில் அந்த வழி இல்லை. ஆகவே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வெட்டுவதும் வறுப்பதும் இருவரும். இறைச்சித் தட்டுகளைச் சுவைத்துப் பார்ப்பது நம் பையன் மட்டும். உப்பு, புளிப்பு, காரம் என்று அவன் சொல்லச் சொல்ல, நண்பன் திருத்துவான். ஏழு மாதம் இப்படியே ஓடியது. எதிர் அடுப்பில் இருந்தவன் மூன்றாவது தோழன். கிருஷ்ணகிரியில் பிரியாணிக் கடை நடத்தும் இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளை. மூவருக்கும் விடுதியில் ஒரே அறை.

இடையூறு 2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் வந்தது. அவ்வாண்டு சாம்பல் புதன் மார்ச் 5. அன்று ஊருக்கு வந்திருந்த பையன், திருச்சிலுவைக்கு முன் தன் தந்தையோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். உயிர்ப்பு ஞாயிறு வரை தந்தை குடிப்பதில்லை. மகன் இறைச்சியை வாயில் வைப்பதில்லை. நம் பெரியவர்கள் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று தவக்காலம் முழுவதையும் காத்ததை நாம் அறிவோம். நெற்றியில் சாம்பலோடு தந்தையும் மகனும் கைகோத்து நின்றபோது, ஆசீர் அளித்து அனுப்பியதும் நாமே. அடுப்படியில் அது என்ன செய்யும் என்று மூவரில் எவரும் யோசிக்கவில்லை.

அந்த வாரமே தொலைபேசி வந்தது. செய்முறை வகுப்பில் கோழிச் சாற்றை மணத்தை மட்டும் வைத்துப் பதம் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார், இருவருக்கும் பூச்சியம். அவன் தன் மதிப்பெண்ணுக்காக வருந்தவில்லை. "நான் வாயில வச்சா நேர்ச்சை போச்சு. வைக்கலைன்னா அவன் படிப்புப் போகுது" என்றான்.

நாம் சட்டம் படித்தவர்களாயிற்றே! ஆறாம் பவுல் 1966இல் தவ ஒழுங்குகளைத் திருத்தி அமைத்ததையும், தவக்காலம் முழுவதும் இறைச்சி விலக்கு என்று திருச்சபை இன்று கட்டளையிடவில்லை என்பதையும் விளக்கினோம். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தன் மக்களுக்குத் தக்க காரணத்தோடு விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. சட்டத் தொகுப்பின் 1196ஆம் விதி அது. "இப்போதே விலக்குத் தருகிறோம், வகுப்பில் மட்டும் சுவைத்துக்கொள், தம்பி" என்றோம். இரண்டே நிமிடத்தில் சிக்கலை அவிழ்த்துவிட்ட நிறைவு நமக்கு.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்குக் கொடுத்துட்டீங்க ஃபாதர். நாளைக்கு அப்பாவும் வந்து ஒரு விலக்குக் கேட்டா?" என்றான்.

தொலைபேசியை வைத்துவிட்டு, எழுந்து சென்று அந்த விதியை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். பிறர் பெற்றுவிட்ட உரிமைக்குக் குந்தகம் விளையாதபடிதான் விலக்கு அளிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. தேர்வுக்காகப் பலமுறை படித்த வரி. ஒரு குடிகாரத் தந்தைக்குத் தன் மகனின் பட்டினியின்மேல் உரிமை உண்டு என்பதற்கு அதுதான் இடம் என்று அன்றுவரை நமக்குத் தோன்றவில்லை.

புனித பவுலிடம் போனோம். நம் சிறுவயதில் சின்னப்பர் என்போமே, அவரிடம். கொரிந்தியர்க்கு எழுதியபோது, உடன்பிறப்பின் மனச்சான்றை முன்னிட்டுத் தம் தட்டைச் சுருக்கிக்கொள்ள அவர் முன்வந்தார். மதுரைக்கு 1606இல் வந்த தத்துவ போதகரும் அவ்வழியே இறைச்சி, மீன், முட்டை யாவும் துறந்தார். பிறருக்காக உண்ணாதிருக்க நம் மரபு நன்றாகவே கற்றுத் தந்திருக்கிறது. பிறருக்காக உண்ண வேண்டி வந்தால் என்ன செய்வது? அன்றிரவு நமக்கு விடை கிடைக்கவில்லை. அவனுக்கும் நாம் மறுபடி பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததை அவன் சொல்லித்தான் அறிந்தோம். அடுத்த வாரம் ஆட்டிறைச்சி. நண்பன் இறங்கும் நேரத்தில், நம் பையன் தடுக்குமுன், அந்த லிங்காயத்துப் பிள்ளை தானே கரண்டியைக் குழம்பில் தோய்த்து எடுத்துவிட்டானாம். தன் பொருட்டு நண்பனின் நேர்ச்சை முறியக் கூடாது என்பது அவன் எண்ணம். கரண்டி வாயருகே போய் நின்று நடுங்கியது. எதிர் அடுப்பிலிருந்து கிருஷ்ணகிரிப் பிள்ளை வந்தான், கரண்டியை வாங்கினான், நுனிநாவில் தொட்டான், தொட்டியில் துப்பி வாய் கொப்பளித்தான். "இன்னும் ஒரு சிட்டிகை உப்பு" என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்புக்குப் போய்விட்டான்.

அவ்வாண்டு இரமலான் நோன்பும் மார்ச் 2ஆம் நாளே தொடங்கியிருந்தது. விடியற்காலை முதல் தண்ணீரும் குடியாதவன் அவன். அவனிடம் போய்க் குழம்பைச் சுவைக்கக் கேட்பது பாவம் என்று இவர்கள் இருவரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள். தேவை இருந்தால் நுனிநாவில் சுவைத்து, விழுங்காமல் துப்பிவிடலாம் என்று அவர்கள் மார்க்க அறிஞர்கள் இடம் தந்திருப்பது இவர்களுக்குத் தெரியாது. கடைச் சமையல் செய்யும் அவன் வீட்டில் அது நாள்தோறும் நடப்பது. அன்றிரவு அறையில் அவன் உணர்ந்த கோபம் நோன்பைப் பற்றியதன்று. "ஏழு மாசமா ஒரே ரூம். என்கிட்ட ஏன்டா கேக்கல?" என்று அழுதானாம்.

நாமும் கேட்கச் சொல்லவில்லையே! பக்கத்து அடுப்பில் யார் இருக்கிறார் என்று அவனை நாம் ஒரு வார்த்தை வினவவில்லை.

தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அதுவும் ஒரு கல்லூரிக் கதைதான். அரசனின் உணவை மறுத்து, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் உண்டு தேறிய நால்வரின் உறுதியைப் புகழ்ந்திருக்கிறோம். அந்தப் பத்து நாளும் அரசனுடைய தட்டுகளைச் சத்தமின்றி எடுத்துச் சென்றுவிட்டு, காய்கறியைக் கொண்டுவந்து வைத்த மேற்பார்வையாளன் ஒருவன் அதில் உண்டு. அவனுடைய மேலதிகாரியோ, தெரிந்தால் தன் தலைக்கே ஆபத்து என்று அஞ்சியவர். அவன் யூதனல்லன். அவனைப் பற்றி நாம் இதுவரை ஒரு மறையுரையும் ஆற்றியதில்லை.

ஏப்ரல் 27, இறை இரக்க ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிசை அடக்கம் செய்த மறுநாள். மூவரும் உத்தனப்பள்ளிக்கு வந்திருந்தார்கள், நமக்கும் அழைப்பு. இறைச்சி படாத புதுப் பாத்திரங்கள் இரண்டைத் தாயார் சந்தையில் வாங்கி, தும்கூருப் பிள்ளைக்கெனத் தனி அடுப்பில் கீரைக் கடைசல் வைத்திருந்தார். அவன் துடுப்பை வாங்கிக் களி கிண்டினான். "எங்க ஊர்ல இதை முத்தேம்பாங்க, மென்னா பாட்டி அடிக்கும்" என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னான். விழுங்கத்தான் வேண்டுமாம். நாம் மென்றோம்.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. ஞாயிறுகளையும் சேர்த்து நாற்பத்தாறு நாள்களில் முப்பத்தொன்றில் பென்சில் கோடு இருந்தது, மற்றவை வெறுமை. தாயார் நாம் பார்ப்பதைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. தந்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கொல்லையில் கிருஷ்ணகிரிப் பிள்ளையின் பொறுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. அவன் குழம்பைக் கரண்டியில் எடுத்து நுனிநாவில் வைத்தான். பழக்க தோஷத்தில் துப்புவதற்கு வேலியோரம் விரைந்தான். பாதி வழியில் நின்று, நினைவு வந்து, சிரித்துக்கொண்டே விழுங்கினான். மற்ற இருவரும் கைகொட்டி ஆர்ப்பரித்தார்கள்.

திண்ணையிலிருந்து தந்தை எழுந்து வந்தார். கையை நீட்டி, "எனக்கும் கொஞ்சம் ஊத்து, உப்புப் பாக்கறேன்" என்றார்.