எலிபெண்டா படகுத் தடம்

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். மரப்படகு ஆடி அசைந்து போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். உட்கார்ந்தபடியே ஒரு துறைமுகம் முழுவதையும் பார்த்துவிடலாம். புறப்பட்டவுடன் கடற்படைத் தளமும் வரிசையாக நிற்கும் போர்க்கப்பல்களும் தெரியும். அப்புறம் புட்சர் தீவில் எண்ணெய் இறக்கும் டேங்கர்கள், எதிர்க்கரையில் நவசேவா துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நடுநடுவே வலை ஏற்றிப் போகும் கோலி மீனவர்களின் படகுகள். இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே தண்ணீர்.

என்னை அழைத்துப் போனவர் தாராவியில் இருக்கும் சித்தப்பா. மும்பைக்கு வந்து ஆயுள் முக்கால்வாசி கழிந்துவிட்டாலும் பேச்சு இன்னும் திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. படகில் ஏறும்போதே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். நாள்பட்ட ஈர வாடை. என் ஜாக்கெட்டில் ஒரு வார் அறுந்திருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, “என்னலே பாக்க? வேற வாங்கி மாட்டு. கொஞ்ச நாளைக்கு முந்திதான் பதினஞ்சு உசுரு போச்சு இதே தண்ணியில” என்றார்.

அவர் சொன்னது 2024 டிசம்பர் 18 அன்று நடந்தது. மாலை நான்கு மணி வாக்கில், ‘நீல் கமல்’ என்ற பயணிகள் படகு எலிபெண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கடற்படையின் அதிவேகப் படகு ஒன்று அதே பகுதியில் எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்தது. பயணி ஒருவர் செல்போனில் எடுத்த காட்சியை நாடே பார்த்தது: அந்தச் சிறிய படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வளைந்து திரும்புகிறது, பிறகு நேரே இவர்களை நோக்கி வருகிறது. மோதுகிற வரைக்கும் ஏதோ சாகசம் காட்டுகிறார்கள் என்றே நினைத்ததாகப் பிழைத்தவர்கள் சிலர் சொன்னார்கள். எஞ்சின் கோளாறால் கட்டுப்பாடு போய்விட்டது என்பது கடற்படையின் விளக்கம். முதலில் 13 என்ற சாவு எண்ணிக்கை, காணாமல் போன சிறுவனின் உடல் கிடைத்தபோது 15 ஆனது. இறந்தவர்களில் கடற்படை வீரர் ஒருவரும், எஞ்சின் நிறுவனத்தின் சார்பில் அந்தப் படகில் இருந்த இருவரும் அடக்கம்.

‘நீல் கமல்’ மீதும் குற்றம் உண்டு. 84 பயணிகளும் 6 ஊழியர்களும்தான் அதற்கு அனுமதி. ஏறியிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அந்தப் படகின் உரிமம் ரத்தானது, ஜாக்கெட் கட்டாயமானது. சட்டம் எங்கே விரைவாகப் பாய்ந்தது என்று பாருங்கள்: பயணியின் தோளில்.

இந்தப் படகுகளில் மேல்தளத்துக்குப் போகத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். காற்றும் காட்சியும் அங்கேதான், கூட்டமும் அங்கேதான். மேலே பாரம் ஏற ஏறப் படகின் ஈர்ப்பு மையம் உயரும்; ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து வருவது கடினம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

திரும்பி வரும்போது எங்களுக்கே அதுபோல ஒன்று நேர்ந்தது. வெயில் இறங்கிவிட்டது, தீவின் குகைக் கோயிலுக்குப் படிகள் ஏறிய களைப்பில் பாதிப் பேர் தூக்கம். சாம்பல் நிற ரோந்துப் படகு ஒன்று பின்னாலிருந்து வந்தது. யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை. கொஞ்சமும் வேகம் குறைக்காமல் எங்களை ஒட்டிக் கடந்தது. எங்கள் ஓட்டுநர் ஹாரனை விட்டு விட்டு அடித்தார், பலனில்லை. பயணிகள் உற்சாகமாகக் கைகாட்டிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமாக ஓடினார்கள். படகு லேசாகச் சாய்ந்த அதே நேரத்தில் ரோந்துப் படகு கிளப்பிவிட்ட அலை வந்து விலாவில் மோதியது. தின்பண்டப் பொட்டலங்கள் பறந்தன, ஒரு குழந்தை இருக்கையிலிருந்து உருண்டது, கலாசிப் பையன் “பைட்டோ, பைட்டோ!” (உட்காருங்கள்) என்று கத்திக்கொண்டே ஓடினான். அடுத்தடுத்து வந்த அலைகள் தணிகிற வரை யாரும் பேசவில்லை. சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார்: “கடலு என்ன இவனுக வீட்டு முத்தமா?”

வேகத்தின் கணக்கு எளிமையானது. முப்பது நாட் என்பது மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர், நொடிக்குப் பதினைந்து மீட்டர். இருநூறு மீட்டர் தொலைவில் தெரிகிற படகு பதின்மூன்று நொடியில் மேலே வந்துவிடும். நூறு பேரை ஏற்றிய மரப்படகு அதற்குள் திரும்பவா முடியும்? வேகமாகப் போகிறவன்தான் விலக வேண்டும். அவனால் மட்டும்தான் விலக முடியும்.

இது என் சொந்த நியாயம் மட்டுமில்லை. கப்பல்கள் மோதாமல் தடுக்க 1972இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள் எல்லா வகைக் கலங்களுக்கும் பொருந்தும். முந்திச் செல்கிறவர் முந்தப்படுகிறவருக்கு ஒதுங்க வேண்டும். குறுக்கே போகும் இரண்டு விசைக்கலங்களில், மற்றதைத் தன் வலப்புறம் காண்பது வழிவிட வேண்டும். எந்த நேரமும் கண்காணிப்பு வேண்டும். நெரிசல், பார்வைத் தெளிவு, தன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும் என்பதையெல்லாம் எடைபோட்டுப் பாதுகாப்பான வேகத்தில் செல்ல வேண்டும். எதிராளியின் நோக்கம் விளங்காவிட்டால் குறைந்தது ஐந்து குறுகிய ஊதல் அடித்து எச்சரிக்க வேண்டும். விளக்கு, அடையாளச் சின்னம் போன்றவற்றில் போர்க்கப்பல்களுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. சீருடை போட்டவர் வழிவிட வேண்டாம் என்று எங்கும் எழுதவில்லை.

ரோந்துப் படகே கூடாது என்று சொல்ல வரவில்லை. விபத்து நடந்த அன்று மாலை, மூழ்கிக்கொண்டிருந்த ‘நீல் கமலை’ நோக்கி முதலில் விரைந்தவற்றில் துறைமுகத்தின் வழிகாட்டிப் படகும், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் ரோந்துப் படகும் இருந்தன. பீதியில் குழந்தைகளைக் கடலில் எறியப் போன பெற்றோரைத் தடுத்து, குழந்தைகளை முதலில் வாங்கிக் கரைசேர்த்தவர்கள் அந்தப் படையினர்தான். கடற்படையும் கடலோரக் காவல்படையும் ஹெலிகாப்டர்களோடு தேடின. அதனால்தான் கோபம் கூடுகிறது. காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு அச்சுறுத்தாமல் கடந்து போகவும் தெரியும். தெரிந்தும் செய்யாமல் விடுவது அலட்சியம்.

எலிபெண்டா போகிறவர்கள் போய்வாருங்கள், குகைக் கோயிலில் இருக்கும் சதாசிவன் சிற்பம் அந்தத் தொல்லைக்கெல்லாம் தகுதியானது. ஜாக்கெட்டின் வார்களை ஏறும்போதே சோதித்து மாட்டுங்கள். குழந்தைக்கு அதன் அளவில் கேளுங்கள். வேகப்படகு நெருங்கினால் எழுந்து ஓடாதீர்கள், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

மீதி அரசு செய்ய வேண்டியது. பயணிகள் தடத்தில் சோதனை ஓட்டம் நடத்தக் கூடாது. அந்தத் தடத்தில் ரோந்துப் படகுகளுக்கும் வேக வரம்பு வேண்டும், மீறினால் தண்டனையும் வேண்டும். விபத்து விசாரணை எதுவாக இருந்தாலும் அதன் முடிவை, இறந்தவர்களின் குடும்பங்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.