சூரமங்கலத்தில் நவீனன்

ஞாயிறு

சேலம் சூரமங்கலத்தில், உழவர் சந்தைக்குப் பின்தெரு மாடியில் நடக்கும் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இன்று நகுலனின் ‘நினைவுப்பாதை’யை எடுத்தோம். போன கூட்டத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்: கதை என்ன என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும். நகுலனைச் சேர்ந்து வாசிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். கதைச் சுருக்கம் கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். நவீனன் என்று ஓர் எழுத்தாளன், சுசீலா என்று எட்டாத ஒரு பெண், நண்பர்கள், புத்தகங்கள், ஓயாத பேச்சு, அப்புறம் மனம் கலைவது. 1972இல் வந்த நாவலை இன்னும் ஆட்கள் தேடிப்பிடித்துப் படிப்பது இதற்காக இருக்க முடியாது.

ரயில்வே அண்ணாதான் முதலில் பேசினார். கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். “டீச்சர், ராத்திரி டூட்டியில வண்டி எங்கியாச்சும் நடுக்காட்டுல சிக்னலுக்கு நின்னுரும். பிரேக் வேன்ல நான் ஒருத்தன்தான். கொஞ்ச நேரம் போனா பக்கத்துல யாரோ பேசற மாதிரி இருக்குமுங்க. பேசறதே நான்தான்னு தெரியறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இந்தப் புத்தகம் பூரா அந்த நேரத்துலயே நடக்குது.”

நகுலனைப் பற்றிக் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஜெராக்ஸ் பிரதி வைத்திருந்தான். ஓரமெல்லாம் விரல் கரி. கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கிற வேலை அவனுக்கு. சூடு ஆறுகிற இடைவெளியில் ஒரு பக்கம், அடுத்த ஜோடி ஆறும்போது இன்னொரு பக்கம் என்று படித்திருக்கிறான். “வாக்கியம் ஒண்ணும் கஷ்டமில்லீங்க. யார் சொல்றாங்கன்னுதான் பிடிபடல” என்றான். புரியவில்லை என்று நகுலனைத் தள்ளிவைப்பவர்கள் இவன் சொன்னதைக் கேட்க வேண்டும். சொற்கள் எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவே இருக்கும் சுவரைத்தான் அந்த மனிதர் எடுத்துவிட்டார். நவீனனை எழுதுகிற நகுலனும் அவனோடு உட்கார்ந்து பேச வந்துவிடுகிறார்.

செவ்வாய்

கூட்டத்துக்கு வரும், நர்சிங் படிக்கும் பெண் போனில் கேட்டாள்: “இது சர்ரியலிசமா மிஸ்?” நேரில் சொல்கிறேன் என்றேன். சொல்லப்போவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் சர்ரியலிசக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது 1924இல். அவருக்கு நாவல் என்ற வடிவத்தின் மேலேயே நம்பிக்கையில்லை. அறையில் என்ன நாற்காலி, சுவரில் என்ன நிறம் என்று அடுக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் 1928இல் அவரே ‘நாஜா’ எழுதினார், புகைப்படங்களோடு. தெருவில் தற்செயலாகச் சந்தித்த பெண்ணின் பின்னால் போகும் புத்தகம். அந்த நாஜா நிஜப் பெண், லியோனா தெல்கூர். 1927இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு 1941இல் விடுதியிலேயே இறந்துபோனாள். பிரெத்தோன் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அழகான பக்கங்களைப் படிக்கும்போது இன்னும் அதிகமாக வருகிறது.

நகுலனிடம் எனக்கு அந்தக் கோபம் வராது. மனம் பிறழும் அவதியை அவர் நவீனனுக்கே கொடுத்தார். எழுதுகிறவன் தலையில் அது விழுகிறது. சுசீலாவுக்கு விலாசம் கிடையாது, போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று சொல்லவும் ஆள் கிடையாது. பாரிஸ்காரர்களுக்கு இயக்கம் இருந்தது, காபிக் கடை மேஜைகள் இருந்தன, சண்டை போட்டு வெளியே தள்ள ஆட்களும் இருந்தார்கள். நகுலன் என்ற டி.கே. துரைசாமி கும்பகோணத்தில் 1921இல் பிறந்து, திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், சாய்வு நாற்காலியில் கனவும் நனவும் ஒன்றாகிற இடத்துக்குத் தனியே போய்ச் சேர்ந்தார். அவரை சர்ரியலிஸ்ட் என்று அழைக்கலாமா என்பது பாடப்புத்தகக் கேள்வி. அவர் போன இடம் பாரிஸ்காரர்கள் தேடிய இடம்தான் என்று அவளிடம் சொல்வேன்.

வியாழன்

இதெல்லாம் திருவனந்தபுரத்துச் சமாசாரம், சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு என்று பள்ளியில் ஒரு சக ஆசிரியர் கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவரிடம் ‘நடை’யைப் பற்றிச் சொன்னேன்.

1968இல் சேலத்திலிருந்து வந்த சிற்றிதழ். பின்னால் நின்று நடத்தியவர் கவிஞர் சி. மணி. வந்தது எட்டே இதழ்கள். ஞானக்கூத்தனின் ஆரம்பக் கவிதைகளை அந்த இதழ்களில் பார்க்கலாம். அதே 1968இல்தான் நகுலன் திருவனந்தபுரத்திலிருந்து ‘குருக்ஷேத்திரம்’ தொகுப்பைத் தாமே கொண்டுவந்தார். சி. மணி, நகுலன் இரண்டு பேரும் பிழைப்புக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள். இரண்டு பேரும் அதற்கு முன்னால் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் எழுதியவர்கள். அந்தச் செல்லப்பாவோ புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மூட்டையிலிருந்து ஒரு கை, அந்தக் கையிலிருந்து இன்னொரு கை. இந்த எழுத்து இன்றுவரை வந்து சேர்ந்த பாதை அவ்வளவுதான். பரிசும் விளம்பரமும் இதைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

சி. மணி 2009இல் காலமானார். ‘தாவோ தே ஜிங்’கை அவர் தமிழில் தந்திருப்பதைச் சக ஆசிரியர் அறிந்திருக்கவில்லை. நாளைக்கு என் பிரதியை எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும். ஊரில் ஒருவர் எழுதியதை ஊரார் படிக்காமல் போனால் வேறு யார் படிப்பார்கள்?

வெள்ளி, இரவு

அக்காவை ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போனேன். சென்னையிலிருந்து வரும் திருவனந்தபுரம் மெயில் நள்ளிரவு தாண்டித்தான் இங்கே நிற்கும். அந்த வண்டி போய்ச் சேரும் ஊரில், கவடியாரில், கோல்ஃப் லிங்க்ஸ் சாலையில் நகுலன் வீடு இருந்தது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களிலிருந்து வாசகர்கள் ராத்திரி வண்டி ஏறி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், முன்பின் அறிமுகம்கூட இல்லாமல். கடைசி வருஷங்களில் நினைவு தவறிக்கொண்டிருந்தது; எதிரே இருப்பவரையே திரும்பத் திரும்ப யார் என்று கேட்டதாகப் போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2007 மே மாதம் இறந்தார். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த படங்கள் ‘கண்ணாடியாகும் கண்கள்’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. அந்த முகத்தைப் பார்க்கும்போது, இவ்வளவு தூரம் தேடிப் போனவர்கள் பேட்டி எடுக்கப் போகவில்லை என்று தோன்றும். தங்களுக்கு நடந்ததை அவருக்கும் நடந்ததா என்று கேட்கப் போயிருக்கிறார்கள். மாடியில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் அதையேதான்.

ஞாயிறு

இன்று சண்டை. நல்ல சண்டை.

நர்சிங் பெண் எழுந்து, “சுசீலா எங்க மிஸ் பேசறா? எல்லாரும் அவளைப் பத்திப் பேசறாங்க, நினைக்கறாங்க, உருகறாங்க. அவளுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல” என்றாள். எங்கள் கூட்டத்துக் கணக்கு வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. சுசீலா ஒரு பெண்ணே இல்லையம்மா, ஒரு நினைப்பு என்றார். “நினைப்புக்கு எதுக்கு சார் பொம்பளைப் பேர் வைக்கணும்?”

பதில் வரவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாஜாவைப் பற்றி எழுதிவைத்திருந்ததை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “விலாசம் இல்லைங்கறதால அவர் தப்பிச்சிட்டாரு, அவ்வளவுதான்” என்றாள். மனநோய் வார்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருப்பவள் அவள். மனம் கலைவதை எழுதிய பக்கங்கள் மட்டும் நிஜம் என்கிறாள். வார்டில் ஓர் அம்மா சன்னலோடு பேசுவதும் நிறுத்துவதும் இந்த வாக்கியங்கள் மாதிரியே இருக்கிறதாம். நாங்கள் கனவு என்று தூக்கிவைத்ததை அவள் தினமும் காலை ஷிஃப்டில் பார்க்கிறாள். அதைக் கேட்ட பிறகு அந்தப் பக்கங்களைப் பழையபடி படிக்க என்னால் முடியாது.

கொலுசுத் தம்பி நடுவில் புகுந்து, இரண்டு பேர் சொல்வதும் அவனுக்கு ஒத்துவருகிறது என்றான். வாத்தியார் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

தட்டுவடை செட் வந்ததும் அடுத்த புத்தகத்துக்குக் கை தூக்கினோம். ரயில்வே அண்ணாவுக்கு நகுலனின் ‘நாய்கள்’ வேண்டும். அந்தப் பெண்ணுக்கு காஃப்காவின் ‘விசாரணை’, ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரே மொழிபெயர்த்தது. காஃப்கா ஜெயித்தார். ‘நினைவுப்பாதை’யை மூடிவிடலாமா என்று கேட்டேன். வாத்தியார் கூடாது என்றார். வரும் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் சுசீலாவுக்கு. பேச்சைத் தொடங்கி வைக்கப்போவது நர்சிங் பெண், பதில் சொல்ல வாத்தியார் தயாராகி வருகிறார். ஜெராக்ஸ் பிரதியை அவர்தான் வாங்கிப் போயிருக்கிறார்.